அருக்காணியின் கூட்ஸ் வண்டி

கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் அருக்காணி மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்களும் விடக்கூடாது. "சித்தெ அசையாம நில்லுங்க" என்று கணவர் ஜோதிலிங்கத்தை அதட்டுவாள்; அவர் நிற்பது என்னவோ அவளுக்கு நாலு கஜம் பின்னால். மூச்சு முட்டி முகம் சிவந்த பிறகு ஒரு 'டிக்'. அவ்வளவுதான், அந்த ஞாயிற்றுக்கிழமையின் வேலை முடிந்தது. வாரத்துக்கு ஒரே படம், அதில் கூட்ஸ் வண்டியின் ஒரே ஒரு பெட்டி.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மற்ற குடும்பங்கள் ஞாயிறன்று மலை மந்திருக்கோ இந்தியா கேட்டுக்கோ போகும். இந்தக் குடும்பம் புளிச்சோற்றைத் தூக்கில் அடைத்துக்கொண்டு மோதி பாக் பக்கம் ரிங் ரயில்வே தண்டவாள ஓரத்துக்குப் போகும். தூக்கு ஜோதிலிங்கத்தின் கையில். வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பது பதினொரு வயது மகள் பூங்கோதையின் வேலை. தில்லியில் பிறந்தவள், கூட்ஸ் வண்டி என்று அவள் வாயில் வராது. "மம்மி, மால் காடி ஆ கயீ!" என்றுதான் கத்துவாள். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் 'மால்' என்பதே வழக்கமாகிவிட்டது.

பயணிகள் வண்டி போனால் அருக்காணி திரும்பியும் பார்க்கமாட்டாள். "அதுல மனுசன் தூங்கிட்டுப் போறானுங்க. கூட்ஸ் வண்டிதான் வேலைக்குப் போகுது" என்பாள். நாள் முழுக்க அடுப்படியிலும் ரேஷன் வரிசையிலும் நிற்கிறவள் சொன்னால் அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

மறுத்துப் பேச வாய் வந்தவர் ஒருவர் உண்டு. பேட்டைத் தமிழ் மன்றத்தின் செயலாளர் பரமசிவம். போன வருடப் புகைப்படப் போட்டிக்கு அவள் கொடுத்த கரி வேகன் படத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூ எடுக்கலாம், குழந்தை எடுக்கலாம். இதெல்லாம் ஒரு படமாம்மா?" என்று சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அருக்காணிக்குக் கண்ணில் நீர் முட்டியது நிஜம். அதைவிடக் கோபம் அதிகமாக முட்டியது. "ஒரு பெட்டிக்கே சிரிக்கறீங்களா? இருங்க, முழு வண்டியையும் கொண்டாந்து உங்க சுவத்துல நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுடைய ஆக்ஃபா கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முதல் ஞாயிறு எஞ்சின், அடுத்தது கரி வேகன், அதற்கடுத்தது எண்ணெய் டாங்கர், அப்புறம் டிராக்டர் ஏற்றிய தட்டுப் பெட்டி என்று பதினோரு வாரத்தில் பதினொன்று சேர்ந்தன. வரிசையாக ஒட்டினால் ஒரு வண்டி. கடைசிப் பெட்டி, ரயில் கார்டு நின்று வரும் கார்டு பெட்டி மட்டும் பாக்கி. அந்தப் பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். இந்த வருடப் போட்டிக்குப் புதன்கிழமை கடைசி நாள்.

பதினான்கு வருட தில்லி வாசத்தில் அருக்காணி இந்திக்குப் பயந்ததில்லை. இந்திதான் அவளைக் கண்டு பயப்படும். ஈரோட்டுத் தமிழை மனசில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் இந்தியில் எடுத்து அடுக்குவாள். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டதும், 'மால் படம் பிடிக்கிறோம்' என்பதை அந்த வழியிலேயே மொழிபெயர்த்தாள். படம் அவசரத்தில் விடுபட்டுப் போனது. பிடிப்பது மட்டும் மிஞ்சியது.

"ஹம் ஹர் சண்டே இதர் மால் பகட்தா ஹை!"

ஞாயிறுதோறும் இங்கே சரக்கைப் பிடிக்கிறோம். வேகனிலிருந்து கரி திருடுகிறவர்களைத் தேடி வந்த மனிதரிடம் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் என்ன ஆகும்? அவர் பாய்ந்து தூக்கைத் திறந்தார். புளிச்சோறு. பையை உதறினார். தட்டும் துண்டும் விழுந்தன.

"அங்கிள், நஹீ! மம்மி ஃபோட்டோ கீஞ்ச்தீ ஹை" என்று பூங்கோதை அழாக்குறையாகத் திருத்தினாள். திருத்தியது வினையாகப் போனது. திருட்டுச் சந்தேகம் தீர்ந்தது; ரயில்வே எல்லையில் ஃபோட்டோவும் 'மனா ஹை', எடுக்கக்கூடாது என்று அவருக்கு நினைவு வந்தது. கேமராவைத் திற, ரீல் வெளிச்சத்தில் போகட்டும், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

ஜோதிலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "குடுத்துரு புள்ள. நான் கவர்ன்மென்ட்டு ஆளு. ஆபீசுக்கு எழுதிப்போட்டா மெமோ வந்துரும்."

"நானென்ன களவாங்குனனா? பதினோரு வாரமுங்க!" என்றாள் அருக்காணி.  கேமராவை மார்போடு அணைத்த கை தளரவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது. பேச்சு எதுவும் கேட்காத சத்தம். போலீஸ்காரர் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார். கரியும் சிமெண்டும் எண்ணெயுமாகப் பெட்டிகள் ஓடின. கடைசியில் கார்டு பெட்டி தெரிந்தபோது அருக்காணி ஒரு அடி நகர்ந்து, அவர் கைக்கு மேலாகக் கேமராவைத் தூக்கினாள். அன்றைக்கும் மூச்சை அடக்கினாள். டிக்.

"ஏய்!" என்று அவர் அதட்டினார்.

"கோல்தா ஹை, கோல்தா ஹை" என்றாள். திறக்கத்தான் போகிறாளாம். அதற்குள் அவள் விரல்கள் கேமராவின் திருகைச் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. இந்த மாதிரி ஃபிலிமைக் கடைசிவரை சுற்றிவிட்டால் அதனுடைய காகிதத்துக்குள்ளேயே இறுகச் சுருண்டுகொள்ளும். வெளிச்சம் பட்டாலும் படம் அழியாது. இது போலீஸ்காரருக்குத் தெரியாது. ஜோதிலிங்கத்துக்கும் தெரியாது, அவர் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அருக்காணி கேமராவின் முதுகைத் தானே திறந்து, வெயிலில் நன்றாகக் காட்டினாள். போலீஸ்காரர் குனிந்து பார்த்து, எல்லாம் போயிற்று என்ற திருப்தியோடு தலையாட்டினார்.

அவள் சுருளை வெளியே எடுத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி நாக்கை முழுசாக வெளியே நீட்டினாள். சுருளின் நுனியிலிருந்த பசைக் காகிதத்தை அதில் ஒருதடவை இழுத்து நனைத்து, சுற்றி அழுத்தி ஒட்டினாள்.