நான் கழற்றாத ஸ்விட்ச்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில் ஓர் அலுவலகத்தில், வீட்டுக்கு ஓர் அட்டையாகத் துளையிட்ட தண்ணீர்க் கணக்கைப் படித்து மொத்தம் போடும் எந்திரத்துக்கு ஒயர் மாட்டுவது என் வேலை. அந்த எந்திரம் மொத்தத்தை மட்டும்தான் அச்சடிக்கும். நடுவில் என்ன செய்ததென்று மூச்சு விடாது. நானாகவே ஒரு ஸ்விட்ச் வைத்தேன். அதைப் போட்டால் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு வரி அச்சாகும்.

“காகிதம் வீண், கழட்டும்மா,” என்றார் எங்கள் தலைமை எழுத்தரான பெரிய கிராணி. நான் கழற்றவில்லை.

ஒரு நாள் காஜா பெராங் பகுதியின் மொத்தம் பாதியாகக் குறைந்து வந்தது. பழி, அட்டையில் துளை போடும் மீனாட்சி மேல் விழுந்தது. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் கம்போங் செட்டிப் பெண், தமிழ் வராது. தன் தப்பில்லை என்று மலாயில் அழுதாள்: “சாயா தா சாலா, அக்கா!”

எல்லோர் முன்னாலும் ஸ்விட்சைப் போட்டு அட்டைகளை மறுபடி ஓட்டினேன். வந்த வரிகளை அட்டைகளோடு ஒப்பிட்டேன். அட்டையில் 1240, அச்சில் 240. ஆயிரம் இலக்கத்துக்கான ஒயரை முந்தின நாள் நான்தான் மாட்டாமல் விட்டிருந்தேன்; அதை எல்லோரிடமும் சொன்னேன்.

“அப்ப தப்பு உன்னோடது!” கிராணி சிரித்தார்.

“ஆமா சார், என்னோடதுதான். இந்த ஸ்விட்ச் இல்லேன்னா இவ தலையில விடிஞ்சிருக்கும். கழட்ட மாட்டேன்.”

அதற்குப் பிறகு எங்கே வேலை பார்த்தாலும், என்னைக் காட்டிக்கொடுக்கும் ஸ்விட்சைத்தான் முதலில் வைத்தேன்.