சேறு பூசிய மரங்கள்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சேர்வராயன் கோயிலைத் தாண்டி, பஸ் போகாத ஒரு மலைக் கிராமத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொஞ்சம் காபி, கொஞ்சம் ஆரஞ்சு, சரிவில் சாமை. அதுதான் எங்கள் பிழைப்பு. ஊருக்கு மேலே ஒரு சோலைக்காடு இருந்தது. அதற்குள்ளிருந்து வரும் சுனைத் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது.

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. பால் வாங்கினால்கூட விரலை விட்டுப் பார்ப்பேன் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தப் புத்தி சும்மா வரவில்லை. நான் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம். நான் பாவாடை கட்டிய வயதில் சிலர் வந்து எங்கள் ஊர் மரங்களில் நம்பர் எழுதினார்கள். கணக்குத்தான் எடுக்கிறோம் என்றார்கள். அடுத்த மழைக்குள் நம்பர் எழுதிய மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. சுனையும் வற்றியது. அப்பா மாடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சேலத்துக்கு இறங்கினார். கடைசிவரை அங்கே மூட்டைதான் தூக்கினார்.

அதனால், ஒரு நாள் காலையில் பேண்ட் போட்ட ஒரு பெண்ணும் சில கல்லூரி மாணவர்களும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாக்களோடு ஏறி வந்தபோது என் கண் அந்த டப்பாக்களை விட்டு நகரவில்லை. அவள் சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவளாம். யாரோ ஒரு காண்ட்ராக்டர் எங்கள் சோலையில் மரம் வெட்ட அனுமதி வாங்கிவிட்டாராம். அதைத் தடுக்க வந்திருக்கிறார்களாம்.

“ஏனுங்க, காப்பாத்த வந்தவங்களுக்குப் பெயிண்டு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“என்னென்ன மரம் இருக்குதுன்னு எண்ணி நம்பர் போடறோங்க. அடுத்த வாரம் காட்டிலாகா அதிகாரியக் கூட்டியாந்து காட்டி, வெட்ட நிறுத்தச் சொல்லணும்” என்றாள்.

அப்பாவிடம் சொன்ன அதே பேச்சு. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மலையில் அதை யாருக்கும் இல்லையென்று சொல்வதில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து உட்காரச் சொல்லவில்லை. சொம்பைத் திருப்பித் தரும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாள் முழுவதும் சோலையில் நம்பர் எழுதிவிட்டு இறங்கிப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நான் சோலைக்குப் போனேன். செம்மண்ணையும் சாணியையும் குழைத்து, நம்பர் தெரிந்த இடமெல்லாம் அப்பினோம். உள்ளே போகப் போக, பெரிய மரங்களின் பின்பக்கம் சிவப்பில் பெருக்கல் குறி இருந்தது. இதையும் அவள்தான் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதன் மேலும் அப்பினேன். சோலையின் கீழ்ப்பாதி முடிந்தது. அதற்கப்புறம் காபிப் பறிப்பு தொடங்கிவிட்டதால் மேல்பாதி அப்படியே நின்றது.

அடுத்த வாரம் லாரிச் சத்தம் கேட்டது. ரம்பத்தோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். எந்த மரம் என்று தெரியாமல் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். மண்ணைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார்.

“தொடாதீங்க. சேர்வராயனுக்கு நேந்து பூசியிருக்குதுங்க” என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ தெரியாது. ரம்பக்காரர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். இந்தக் காட்டில் எந்த மரத்தையும் தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மேல்பாதியில் மண் பூசாத மரங்களைப் பார்த்துவிட்டார். “நாளைக்கு வேற ஆளோட வர்றேன். மேலயிருந்து ஆரம்பிக்கிறேன்” என்று முறைத்துவிட்டு இறங்கினார். சுனை பிறப்பதே அந்த மேல்பாதியில்தான்.

மதியம் அந்தப் பெண் தனியாக ஏறி வந்தாள். அதிகாரி நாளைக்கு வருகிறார் என்று சொல்லத்தான் வந்ததாகச் சொன்னாள். லாரி வந்த அதே நாளில் இவளும் வருகிறாளே என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

“உங்க லாரி வந்துட்டுப் போயிருச்சுங்க. நாளைக்கு மேலயிருந்து வெட்டுவாங்களாம்” என்றேன்.

அவள் மண் அப்பிய மரங்களைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று. பின்பக்கம் இருந்த சிவப்புக் குறியைப் பற்றிச் சொன்னதும் திடுக்கிட்டாள். “அது நாங்க போட்டதில்லீங்க. காண்ட்ராக்டர் போட்ட குறி. அந்தக் குறி இருக்கற மரத்தத்தான் அவங்க வெட்ட முடியும்.”

“சொல்றதுக்கென்னங்க” என்றேன். நான் நம்பவில்லை.

அவள் வாதாடவில்லை. சாணி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். முழங்கை வரை கையை விட்டுக் குழைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்பாதிக்கு ஏறினாள். சிவப்புக் குறி தெரிந்த மரத்திலெல்லாம் அப்பினாள். பக்கத்து மரங்களில் தான் எழுதிய வெள்ளை நம்பர்களின் மேலும் அப்பினாள். சிவப்புக் குறி போட்ட மரங்களில் மட்டும் மண் பூசினால் அவை தனியாகத் தெரியுமே.

எனக்கே பொறுக்கவில்லை. “ஏனுங்க, அதிகாரிக்குக் காட்ட வேண்டிய கணக்குப் போயிருமேங்க?”

“மறுபடி எண்ணிக்கலாங்க. மரம் போச்சுன்னா எதை எண்ணறது?” என்றாள் திரும்பாமலே.

நானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன். இருட்டுவதற்குள் சோலை முழுக்க ஒரே நிறமாகிவிட்டது.

மறுநாள் மேஸ்திரி கூட்டி வந்த புது ஆட்களுக்கும் மரம் தெரியவில்லை. சுரண்டவும் துணிவு வரவில்லை. அங்குமிங்கும் அலைந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது இரவே இறங்கிப் போயிருந்த அவள் அதிகாரியோடு வந்து சேர்ந்தாள். அவர் சுனையைப் பார்த்தார், எங்களிடம் பேசினார், வெட்டை நிறுத்தி வைத்தார். பிறகு நாங்களும் அவளும் சேர்ந்து, பெயிண்ட் இல்லாமல், மரத்துக்கு மரம் நார் கட்டி மறுபடியும் எண்ணினோம். அந்தப் பொய்யைச் சாமி மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் மலைத் தண்ணீர்தானே அது.

சுனை இன்னும் ஓடுகிறது. என் சந்தேகப் புத்தியும் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு நல்லது செய்ய வந்திருக்கிறேன் என்று யாராவது வந்து நின்றால், இப்போதும் மேலும் கீழும் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் அவளுக்கு அன்று செய்ததுபோல வாசலிலேயே நிறுத்துவதில்லை, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் சந்தேகப்படுகிறேன்.