ஒரு டிரம் தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய குளியலறையை இடிக்க வந்த இரண்டு ஆட்களும் மதியம் வரை ஒரே ஒரு சுவரோடு மல்லுக்கட்டினார்கள். நாற்பது வருடத்து வெள்ளை டைல்ஸ். உளியை வைத்து அடித்தால் டைல் நொறுங்குகிறதே தவிர சுவரை விட்டுப் பெயரவில்லை. "எந்த மேஸ்திரி சார் ஒட்டுனது? இந்த மாதிரி வேல இப்ப யாரும் செய்யறதில்லீங்க" என்றான் ஒருவன். மூக்கில் ஏறியது சிமெண்டுத் தூசியா, அவன் கேட்ட கேள்வியா என்று தெரியவில்லை, என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதையன். எண்பதுகளில் அரூர் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து டைல்ஸ் ஒட்டத் தெரிந்த ஒரே ஆள். பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். என் வயதுதான், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். நான் தாலுகா ஆபீசில் கிளார்க். சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டாலே பெரிய வீடு என்று பேசிக்கொண்ட தெருவில், என் பாத்ரூமுக்கு வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். சேலத்தில் ஒரு லாட்ஜில் பார்த்தேன், அவ்வளவுதான். "குளிக்கத் தண்ணியக் காணோம், செவுத்துக்கு சோக்கு கேக்குதா?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

அவள் சொன்னது நியாயம். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை நூல் மாதிரி வரும். தெருக்கோடி அடிபம்புக்கு ஸ்டெல்லா விடிவதற்கு முன்பே போய்க் குடத்தை வைத்து இடம் பிடிப்பாள். இன்றைக்கும் எங்காவது இரும்புக் கைப்பிடி கிறீச்சிட்டால் எனக்கு அவளுடைய தோள்பட்டை வலி ஞாபகம் வரும். வரிசையில் ஒருநாளும் நிற்காதவனுக்கு வலி மட்டும் நன்றாக ஞாபகம் வருகிறது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிப்பதாக ஏற்பாடு. மாதையன் சனிக்கிழமை ஒரே நாளில் சுவரை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை வந்து சொல்லிவிட்டுப் போனார். "டைல்ஸ இப்பவே டிரம்ல போட்டுருங்க சார். ராத்திரி பூரா ஊறணும். காஞ்ச டைல்ஸு சிமெண்டுல இருக்கற தண்ணிய உறிஞ்சிக்கும், ஒட்டாதுங்க." சைக்கிளை எடுத்தவர் கொஞ்சம் தயங்கி நின்றார். "மாதாகோயில் பீடத்துக்கு டைல்ஸ் போடப் போறாங்களாம். ஞாயித்துக்கெழம சாமி இந்த வேலயப் பாத்தாருன்னா அது எனக்கு வருங்க. அப்பறம் இங்கயே பொழச்சுக்கலாம். பெங்களூர் போயிட்டுப் போயிட்டு வந்தா எம் பொண்ணு என்னயப் பாத்து அழுவுதுங்க, யாரோன்னு."

வீட்டில் இருந்தது ஒரு டிரம் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை இருபது பேருக்குச் சமைக்க வேண்டிய தண்ணீர். டைல்ஸ் ஊறிய தண்ணீரில் சோறு ஆக்க முடியுமா? "போடுங்க, நான் காலையில நாலு நடை சேத்து நடக்கறேன்" என்று ஸ்டெல்லாதான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். எதையாவது நீட்டி முழக்கிச் சொல்லாவிட்டால் இந்த மேஸ்திரிகளுக்குத் தூக்கம் வராது என்று எனக்கு நினைப்பு. காலையில் சைக்கிள் மணி கேட்டதும், அடுக்கின் மேலே இருந்த டைல்ஸ் மீது ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தேன்.

"ஊறிச்சுங்களா சார்?"

"ராத்திரி பூரா ஊறிச்சு மேஸ்திரி."

மேல் டைலைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். நம்பிவிட்டார். நடுவில் ஒருமுறை கரண்டியை நிறுத்தி, "கலவ சீக்கிரமா இறுகுதுங்களே" என்றார். "வெயில் அப்படி" என்றேன். ஃபைலில் குறிப்பு எழுதிப் பழகிய ஆளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

மறுநாள் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே பாத்ரூம் வரை வந்தார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார். மாதையனைக் காட்டினேன். கோயிலுக்கு வந்து பார்க்கச் சொன்னார். பந்தியில் உட்கார்ந்த மாதையனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு டைல் விழுந்தது. அடுத்த நாள் மூன்று. பிறகு சுவரே பொக்கை வாயாகிவிட்டது. செய்தி கோயிலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பூசை முடிந்து சாமியார் என்னைக் கூப்பிட்டார். "டைல்ஸ் விழுந்துடுச்சாமே. வேலை சரியில்லையா?"

"அப்படித்தான் தெரியுதுங்க சாமி" என்றேன். பீடத்து வேலை சேலத்து ஆளுக்குப் போயிற்று.

மாதையன் கேள்விப்பட்டு ஓடி வந்தார். விழுந்த டைலை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் சிமெண்டு துளிகூடப் பிடிக்கவில்லை. "ஊற வெச்சீங்கல்ல சார்?" என்றார். "வெச்சேனே" என்றேன். கதவருகில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். அவர் டைலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கலவையில என் தப்புங்க" என்றார். அடுத்த இரண்டு நாளும் அவரே அடிபம்பில் வரிசை நின்று, சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்து, டைல்ஸை ஊற வைத்து, மொத்தச் சுவரையும் கொத்திவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தார். கூலி கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அந்த மனுசன் மொகத்த எப்படிங்க பாத்தீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடமாவது ஒத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் நாக்கு புரளவில்லை.

செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கள் சாமியாரிடமே போக முடியுமா? பஸ் ஏறித் தருமபுரி போய், என்னைத் தெரியாத கோயிலில் முழங்கால் போட்டேன். தடுப்புக்கு உள்ளே இருந்த வயதான சாமியார் முழுக்கக் கேட்டார். "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அந்த ஆள்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். பரிகாரமாக நூறு செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஆரம்பித்திருப்பேன். இதற்கு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

கம்பைநல்லூர் பக்கம் அவர் வீடு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி வெளியே வந்தார். "அவரு பெங்களூருல இருக்காருங்க."

"டைல்ஸ் வேலையா?"

"அத வுட்டுட்டாருங்க. அரூர்ல ஒரு ஆபீசர் வூட்ல வேல கெட்டுப் போச்சு. எங் கை சரியில்ல, இனிமே கரண்டியத் தொட மாட்டேன்னுட்டாரு. ஓட்டல்ல மாவாட்டறாருங்க. நீங்க யாருங்க?"

"சும்மா, தெரிஞ்சவன்தாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு முறை போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. குடும்பம் எங்கே போனது என்று சொல்ல அங்கே ஆளில்லை. பெயர் கேட்காத அந்தத் தருமபுரிச் சாமியாரை விட்டால், மாதையன் கையில் குற்றமில்லை என்பது இந்த உலகத்தில் மொத்தம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஸ்டெல்லா போன வருடம் இறந்துபோனாள்.