அம்மாவுக்குப் போட்ட நட்சத்திரங்கள்

எங்கள் புந்தோங் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அம்மா முடிவு செய்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலத்தின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். ஆனால் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடம் நின்றே வேலை பார்த்த அம்மாவை, ஒரு வரிசை ஆட்களை மேற்பார்க்கும் லைன் லீடர் வேலைக்குத் தேர்வெழுதக் கூப்பிட்டிருந்தார்கள். தேர்வு ஆங்கிலத்தில்.

“இனிமே நீதான் டீச்சர்லா. அம்மாதான் பிள்ளை,” என்று சொல்லிச் சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் சாயங்காலம் என் பயிற்சி நூலிலிருந்து பாடம். அம்மா ஒரு நோட்டில் எழுதுவார், நான் திருத்துவேன். பெயர்ச்சொல், வினைச்சொல், கேள்வி வாக்கியம், கட்டளை வாக்கியம். நேற்று பெயர்ச்சொல்லாக இருந்த ‘வாட்டர்’, இன்று செடிக்கு ஊற்றச் சொன்னதும் எப்படி வினைச்சொல்லானது என்று அம்மா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் தெரியாது என்று எந்த டீச்சரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“அது அப்படித்தான்மா,” என்றேன்.

புரியாத இடத்திலெல்லாம் சரி போட்டேன். தவறு போட்டால் ஏன் என்று கேட்பாரே. பக்கத்தின் அடியில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன். அதைப் பார்த்து அம்மா சிரித்தார். மறுநாள் இரண்டு வரைந்தேன்.

தேர்வன்று அந்த நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை பஸ் ஏறினார். சாயங்காலம் வந்தவர், சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார்.

“பாஸாம்மா?”

“வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.”

பிறகு நோட்டை விரித்து ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தார். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் புது நோட்டோடு வந்து உட்கார்ந்தார். தேர்வுதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

“டீச்சர், தப்பா இருந்தா தப்புன்னே போடுங்க,” என்றார்.

அன்று ஒரு கேள்வி வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பயந்துகொண்டே தவறு போட்டேன். நட்சத்திரத்துக்குச் சிரித்ததைவிட அதற்கு அம்மா ஏன் அதிகமாகச் சிரித்தார் என்று எனக்கு அன்று புரியவில்லை.