நொச்சி இலைக் கட்டுரையின் கடைசிப் பந்தி

காலை ஒன்பது பத்து. சென்ற பெரும்போக அறுவடைக் காலம். டெங்குச் செய்தி ஒன்றுக்காக எங்கள் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு பெண்ணின் கையிலிருந்த பத்திரிகைத் துண்டு. தலைப்பைத் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். 'பீனிசத்தை விரட்டும் நொச்சி.' நான் போட்ட தலைப்பு.

அருகே கதிரையில் அவருடைய கணவர். அக்கராயனில் நெல் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். வலக்கண் கருஞ்சிவப்பாக வீங்கி மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக அம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் துண்டை நீட்டினார்.

"இது உங்கட பேப்பர்தானே? இதில கிடக்கிற மாதிரித்தான் நொச்சியும் ஆடாதோடையும் அவிச்சு ஆவி பிடிச்சவர். ஆறு நாள். ஒரு நேரமும் விடேல்ல."

"எதிர்ப்புச் சக்தி கூடிப்போச்சு. அதுதான் கண்ணை வெளிய தள்ளுது" என்றார் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ." என் பக்கம் திரும்பினார். "முந்தநாள் கண் வீங்கேக்கையும், மருந்து வேலை செய்யுதாக்கும் எண்டுதான் நினைச்சனான். நாங்கள் ஏதும் பிழையாச் செய்தனாங்களே?"

"இல்லை" என்றேன்.

அந்தக் கட்டுரை, பீனிசம் என்கிற மூக்கடைப்பு நோய் பற்றி ஒரு பெண் சித்த மருத்துவர் தந்த நேர்காணல். மூலிகை மூக்கினுள் வீக்கத்தை எப்படித் தணிக்கும், உடல் கிருமியை எப்படி எதிர்க்கும் என்றெல்லாம் அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். முடிவில், "கடும் காய்ச்சல் எண்டால், கண் வீங்கினால், இலையை அவிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது. உடன ஆசுப்பத்திரிக்குப் போக வேணும். இதைக் கட்டாயம் போடுங்கோ தம்பி" என்றார்.

எழுதினேன், கடைசிப் பந்தியாக. எங்களுடையது சிறிய பத்திரிகை. எழுதுவதும் பக்கம் அமைப்பதும் நானே. பக்கம் முடிகிற நேரத்தில் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி விளம்பரம் ஒன்று வந்தது. இடம் போதாவிட்டால் கட்டுரையைக் கீழிருந்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். வெட்டினேன். நான்கு வரி.

பத்திரிகை வந்த மறுநாள் மருத்துவர் தொலைபேசியில், "கடைசிப் பந்தியைக் காணேல்லையே?" என்று கேட்டார். அடுத்த கிழமை போடுவோம் என்றேன். அடுத்த கிழமை வேறு நினைவஞ்சலிகள் வந்தன.

அந்த மனிதரின் வலக்கண் பார்வை திரும்பவில்லை. இயந்திரத்தை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். விடுபட்ட பந்தியைச் சொல்லி நான் எழுதிய திருத்தத்தை ஆசிரியர், "இப்ப போட்டால் வழக்கு வரும்" என்று மேசை லாச்சிக்குள் வைத்தார். நானும் திரும்பக் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அக்கராயனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். "அந்த டொக்டர் மனுசியின்ர இலையாலதான் அவனுக்குக் கண் போனது" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மருத்துவரிடம் அந்த ஊரிலிருந்து இப்போது எவரும் மருந்துக்குப் போவதில்லையாம். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

கட்டுரையில் அவருடைய பெயரும் படமும் இருந்தன. என்னுடைய பெயர் இருக்கவில்லை.