சித்தப்பா வாங்கிய டப்பா டிரைவ்

மாட்டுங்கா வீட்டில் எங்கள் கம்ப்யூட்டருக்குத் தனித் திரை கிடையாது. டிவியில்தான் சொருக வேண்டும். நான் அதில் உட்கார்ந்தால் வீட்டில் யாருக்கும் சீரியல் இல்லை. அந்தச் சர்வாதிகாரத்தைப் பயன்படுத்தி ஒரு மே விடுமுறை முழுக்கக் கோடு கோடாய் ஒரு பிள்ளையாரை வரைந்து ஃபிளாப்பியில் வைத்திருந்தேன். கணபதி பூஜையன்று எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்கே காட்டுவதாகக் கட்டடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று.

பூஜை நெருங்கியபோது ஃபிளாப்பி டிரைவ் செத்துப்போனது. சித்தப்பா அசரவில்லை. தன் கம்ப்யூட்டர் கோர்ஸுக்காக லேமிங்டன் ரோட்டில் புது டிரைவ் வாங்கிவந்திருந்தார். பூஜையன்று காலை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, "போடுடா உன் பிள்ளையாரை" என்றார்.

போட்டேன். படிக்க முடியவில்லை என்றது திரை. ஊதிப் போட்டேன். கும்பிட்டுப் போட்டேன். நடுவில் சித்தப்பா தன் கோர்ஸ் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார், ஓடியது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

வாசலில் சொசைட்டி செக்ரட்டரி அங்கிள் குரல்: "அரே பேட்டா, கணபதி கப் ஆயேகா?"

எப்போது வருவார் என்று எனக்கென்ன தெரியும்? "டிராஃபிக் மே ஹை, அங்கிள்!" என்று பிள்ளையாரை டிராஃபிக்கில் மாட்டிவிட்டு உள்ளிருந்தே கத்தினேன்.

"ஊரையே கூப்பிட்டுட்டு உள்ள போய் உக்காந்துண்டிருக்கான் பாரு!" என்றாள் அம்மா.

"அவனை வையாதீங்கோ மன்னி. நான் வாங்கிண்டு வந்த டிரைவ்தான் டப்பா" என்றார் சித்தப்பா.

பிறகு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வெகுநேரம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டிவியில் முதலில் தும்பிக்கை வந்தது. பிறகு காது. பிறகு கைதட்டல்.

அதற்கப்புறம் அந்த டிரைவ் என் படங்களைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. 'டப்பா டிரைவ்' என்று வீடே கேலி செய்தது. கோர்ஸ் தனக்குச் சரிப்படவில்லை என்று சித்தப்பா பாதியில் விட்டுவிட்டார். அவர் கடைக்குப் போய்வரும்போதெல்லாம், "கத்தரிக்காயாவது பார்த்து வாங்கினேளா?" என்பேன். சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்.

அவர் காலத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் செம்பூரில் என்னிடம் வந்தது. டப்பா டிரைவ் சுற்றவில்லை. இணையத்தில் ஒன்று வாங்கி மாட்டினேன். பிள்ளையார் வரவில்லை. ஐம்பது வயதில் பாத்ரூமில் ஒளிந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள் என்பதால், வேறு வழியின்றி டப்பா டிரைவைப் பிரித்தேன்.

உள்ளே, படிக்கும் முனையை நகர்த்தும் மோட்டார் தன் இடத்திலிருந்து ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. பக்கத்தில் அது முதலில் இருந்த இடத்தைக் காட்டும் பென்சில் கோடு. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோது சொன்னார்: எங்கள் பழைய டிரைவ் கோணலாம். கோணலாக எழுதியதைக் கோணல்தான் படிக்குமாம். நன்றாக இருந்த புதுசை அவர் வேண்டுமென்றே கோணலாக்கியிருக்கிறார். பூஜை முடிந்ததும் திருப்பிவிடலாம் என்றுதான் அந்தக் கோடு.

ஆனால் பூஜைக்கு மறுநாள் காலையிலேயே நான் அதில் மூஞ்சூறு வரைய உட்கார்ந்துவிட்டேன்; அவர் திருப்பவேயில்லை.