சனங்களைப் பார்த்துப் பூசை வைத்த வருஷம்

சாமியார் வேலையில் எதைப் பழகினாலும், பதில் வராத கூட்டத்தின் முன்னால் நிற்பதை மட்டும் பழகவே முடியாது. பள்ளிக்கூட வாத்தியார்கள், கட்சி மேடையில் பேசுகிறவர்கள், வாயைத் திறந்ததும் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிற தகப்பன்மார்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் என் கூட்டாளிகள். உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த காலத்தில் நான் காஞ்சிபுரம் கத்தோலிக்கக் கோயிலில் பங்குச் சாமியார். வயது ஐம்பத்திரண்டு. அதுவரை இருபத்தைந்து வருஷம் சனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பூசை வைத்தவன். இனிமேல் பீடத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, சனங்களைப் பார்த்து நின்று தமிழில் சொல்ல வேண்டும், அவர்களும் தமிழில் பதில் சொல்ல வேண்டும் என்று பிஷப்பிடமிருந்து கடிதம் வந்தது. அவர்களைப் பதில் சொல்ல வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு

கைகளை விரித்து, “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றேன். “உம்மோடும் இருப்பாராக” என்று திரும்பி வர வேண்டும். அச்சடித்த தாளும் கொடுத்திருந்தேன். கோயில் உபதேசியார் சவரிமுத்து ஒருவருடைய குரல் மட்டும் வந்தது. முப்பது வருஷமாக லத்தீனில் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லி வந்தவர், தமிழிலும் அதையே செய்தார். ஆண்கள் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் வழக்கம்போல் செபமாலை உருண்டுகொண்டிருந்தது.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கும் அந்தோணியம்மாள், நான் பின்னால் நிற்பது தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: “இத்தினி நாளு சாமி முதுகப் பாத்துக்கினு நிம்மதியா செபமால சொல்லிக்கினு இருந்தோம். இப்போ அவரு நம்மளயே பாத்துக்கினு நிக்கறாரு, கொட்டாவி உடக்கூட பயமா இருக்குதுமா.”

ஒத்திகை

புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகை வைத்தேன். ஆறு வாரம் விடாமல் வைத்தேன். நான் சொல்வேன், சவரிமுத்து சொல்வார், மற்றவர்கள் எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஏழாவது வாரம் சவரிமுத்துவையே வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது. தமிழ் அவர்களுடைய மொழி. வீட்டில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், வாசலைத் தாண்டியதும் சந்தை போல் இரைகிறார்கள். கோயிலுக்குள் மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

செங்கல்பட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில், தெரிந்த சிவன் கோயில் குருக்கள் ஒருவர் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஒரே தொழில்காரர் என்ற உரிமையில் என் கஷ்டத்தைக் கொட்டினேன். ஊர் வரும் வரை பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது சொன்னார்: “நீங்க வீணா உடம்பைக் கெடுத்துக்கறேள் ஃபாதர். எங்களைப் பாருங்கோ, நாங்க யாரையும் பதில் கேக்கறதே இல்லை.”

சவரிமுத்து சொன்னது

ஒருநாள் சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டேன். “உண்மையைச் சொல்லும். இவர்களுக்குத் தமிழ்ப் பூசை பிடிக்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா?” அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார். “ஆரோக்கியசாமிய ஞாபகம் இருக்குதுங்களா சாமி?” என்றார்.

ஆரோக்கியசாமி கூலிக்குப் பட்டு நெய்கிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உள்ளே வரமாட்டார், தறியிலிருந்து எழுந்து வந்து, வெளியே சைக்கிள்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவார். வெட்கப்படும் சுபாவம் என்று நினைத்திருந்தேன். நடந்ததைச் சவரிமுத்து நினைவுபடுத்தினார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது பாவம் என்று நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி எழுந்து நின்று, தறிக்கு அமாவாசைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை நெய்யாவிட்டால் முதலாளி தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். கோயிலுக்குள் சாமியார் பேசும்போது வாயைத் திறக்கிறவனுக்கு இங்கே இடமில்லை, வெளியே போ என்று நான் கத்தினேன்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. திட்டியவனுக்கு மறந்துபோனதை ஒரு கோயில் முழுக்க நினைவில் வைத்திருக்கிறது. சவரிமுத்து என் முகத்தைப் பார்க்காமலே முடித்தார்: “அன்னிக்கி அவன் ஒருத்தனத்தான் சாமி வாய மூடச் சொன்னீங்க. மத்தவங்கல்லாம் தானா மூடிக்கினாங்க.”

தறிக் குழிப் பக்கத்தில்

மறுநாளே சைக்கிளில் கிளம்பினேன். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை வாசல் வரை போனேன். மூன்றாம் தடவை உள்ளே போனேன். ஆரோக்கியசாமி தறிக் குழிக்குள் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. அவர் மனைவி பதறிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்ப் போய் வரும் சத்தத்துக்கு நடுவே, அன்றைக்கு நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்று சொன்னேன். சொல்லி முடித்ததும், கடினமான காரியத்தை முடித்துவிட்ட திருப்திகூட வந்துவிட்டது.

அவர் இன்னும் ஒரு விரற்கடை நெய்தார். பிறகு நாடாவை நிறுத்திவிட்டு, கோபம் இல்லாமல் சொன்னார்: “திட்னது பீடத்து மேலருந்து சாமி. மன்னிப்ப மட்டும் குழிப் பக்கத்துல வந்து கேட்டா எப்டி?”

குருத்தோலை ஞாயிறு

இரண்டு மாதம் இழுத்தடித்தேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் பிறகு யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்று பயம். இப்போது மட்டும் யார் கேட்கிறார்கள் என்றும் தோன்றும். தவக்காலம் முழுக்க மற்றவர்களை மனம் திரும்பச் சொல்லிக்கொண்டு, நான் மட்டும் திரும்பாமல் இருந்தேன். கடைசியில், குருத்தோலை ஞாயிற்றுப் பூசையில் சொல்லிவிடுவது, அதற்கு மேல் ஒருநாள்கூடத் தள்ளுவதில்லை என்று உறுதி எடுத்தேன்.

அன்று காலை குருத்தோலைகளோடு பவனி நெசவாளர் தெருவுக்குள் திரும்பியது. தெருவை அடைத்து, தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளை நீளத்துக்கு நீளம் பாவாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் இழை இழையாகப் பிரிக்கும் வேலை. அது முடியும் வரை யாருக்காகவும் பாவை அவிழ்க்க மாட்டார்கள், சாமி தேரே வந்தாலும் நின்றுதான் போக வேண்டும். இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஆரோக்கியசாமியும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிற இடத்தில், முழுக் கோயிலும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பீடம் வரை காத்திருந்தால் அவர் அங்கே இருக்கமாட்டார். அங்கேயே, பாவுக்கு இந்தப் பக்கம் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “ஐந்து வருஷத்துக்கு முன்னால் இவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கத்தான் கத்தினேன். இவரை வெளியே அனுப்பியது என் தப்பு. ஆரோக்கியசாமி, உங்களிடமும், இதைப் பார்த்து வாயை மூடிக்கொண்ட எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.” ஆரோக்கியசாமி நிமிர்ந்தார். “தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா உக்காந்திருப்பேனே சாமி,” என்றார். பிறகு பதறினார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க குருத்தோல நுனி பாவுல படுது. நூலு அறுந்துச்சுன்னா அதுக்கு யாரு மன்னிப்புக் கேக்கறது?”

ஐந்து மணிப் பூசை

மன்னிப்புக் கேட்டாயிற்று. அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தறி முதலாளிகளை என்னால் மாற்ற முடியாது, பூசை நேரத்தை மாற்ற முடியும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னொரு பூசை என்று அறிவித்தேன். விடியுமுன் கோயிலைத் திறந்து மணியடிக்க வேண்டிய கோயில் பிள்ளை முணுமுணுத்தார். ஆள் வராவிட்டால் சுவரைப் பார்த்து வைக்கிறேன், அது எனக்குப் பழக்கம்தான் என்றேன்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். எல்லாரும் தறிக்காரர்கள். ஆரோக்கியசாமி உள்ளே வந்து, தூண் பக்கமாக உட்கார்ந்தார். கைகளை விரித்து, “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றேன். பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, “உம்மோடும் இருப்பாராக” என்று வந்தது. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, இருமலோடும் தூக்கக் கலக்கத்தோடும் வந்தது. அடுத்து நான் சொல்ல வேண்டியது எனக்கு மறந்துவிட்டது. புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்துத்தான் தொடர்ந்தேன்.

அந்த உற்சாகத்தில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இருபத்தைந்து வருஷம் பேசாததையெல்லாம் அன்றைக்கே பேசிவிடுகிறவனைப் போலப் போய்க்கொண்டிருந்தேன். தூண் பக்கம் ஆரோக்கியசாமி எழுந்து நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். “என்ன?” என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “இன்னும் எத்தினி நேரம் ஆவும் சாமி? ஆறு மணிக்குத் தறி.”

அன்றிலிருந்து அந்தக் கோயிலில் ஒரு பிரசங்கத்தைக்கூட நான் முழுசாக முடித்ததில்லை என்றாலும், பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சியவனே நான்தான் என்பதால் யாரிடமும் போய் முறையிட முடியவில்லை.